புடைப்புப் பின்னல் ஷால்: நப், மொசைக், பிரியோஷ் மூணுல எந்த வகுப்பை முதல்ல எடுக்கறது?

வெண்ணூல்

வணக்கம். கார்ட்டர் (எல்லா வரியும் நிட், அதாவது நேர்க்கண்ணி), ஸ்டாக்கினெட் (ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல், அதாவது மறுகண்ணி), எளிய லேஸ் வரைக்கும் கை பழகிடுச்சு. அடுத்து ஒரு முக்கோண ஷால் ஆரம்பிக்கணும். கழுத்துப் பக்கம் தொடங்கி கீழே விரியற அமைப்பு. முதல் பகுதி கார்ட்டர் தரையில நப் (சின்ன மணி மாதிரிப் புடைப்பு), நடுவுல ரெண்டு நிற மொசைக் (சில கண்ணிகளைப் பின்னாம நகர்த்தி வடிவம் வரவைக்கறது), கடைசியில ரெண்டு நிற பிரியோஷ் (தூண் தூணா வர்ற தளர்ந்த பின்னல்), ஓரத்துக்கு ஐ-கார்டு (கயிறு மாதிரி ஓரம்) முடிப்பு. நாலுமே எனக்குப் புதுசு.

நூல் மெரினோ, ஃபிங்கரிங்னு சொல்ற மெல்லிய தடிமன், 100 கிராம் சிட்டத்துக்கு 400 மீட்டர். வெளிர் சாம்பல் ரெண்டு சிட்டம், அடர் பச்சை ஒண்ணு. ஊசி 4 மி.மீ. சர்க்குலர், 80 செ.மீ.

ஆன்லைன்ல நப், மொசைக், பிரியோஷ் மூணுக்கும் தனித்தனியா ரெண்டு மணி நேர வகுப்பு இருக்கு. எதை முதல்ல எடுக்கறது? மூணையும் ஒரே மாசத்துல முடிச்சுடலாமா? பணம் கட்டறதுக்கு முன்னாடி என்னென்ன கேட்டுக்கணும்?

கண்ணிக்கணக்கு

மொசைக் முதல்ல, நப் ரெண்டாவது, பிரியோஷ் கடைசி. ஷால்ல வர்ற வரிசை வேற, கத்துக்கற வரிசை வேற.

மொசைக்ல புது அசைவு ஒண்ணே ஒண்ணுதான்: கண்ணியைப் பின்னாம வலது ஊசிக்கு நகர்த்தறது. அதே அசைவுமேலதான் பிரியோஷும் நிக்குது. அங்கே நகர்த்தும்போது கண்ணிமேல நூலையும் ஒரு சுத்து போட்டுக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான். நூல் முன்னாடி நிக்கணுமா பின்னாடி நிக்கணுமான்னு யோசிக்காம கை தானா செய்யற நிலைக்கு வந்துட்டு பிரியோஷ் வகுப்புல உட்கார்ந்தா, ரெண்டு மணி நேரமும் புது விஷயத்துக்கே கிடைக்கும். இல்லாட்டி முதல் ஒரு மணி நேரம் நூலை எந்தப் பக்கம் வைக்கறதுங்கறதுலயே போயிடும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு வாரம் விடுங்க. அந்த ரெண்டு வாரத்துல ஷாலுக்கு வாங்கின அதே நூல்ல, அதே ஊசில, 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு முடிச்சிருக்கணும். வகுப்புல எல்லாருக்கும் தடி நூலும் 5 மி.மீ. ஊசியும் சொல்லுவாங்க, கண்ணுக்கு நல்லாத் தெரியும்கறதுக்காக. அது சரிதான். ஆனா தடி நூல்ல வந்த நப் ஃபிங்கரிங்ல அப்படியே வராது.

கேட்க வேண்டியதுல எனக்கு முக்கியம்னு படறது ஒண்ணு: "தப்பு வந்தா எப்படிச் சரிசெய்யறதுன்னு எவ்வளவு நேரம் சொல்லித் தருவீங்க?" கண்ணி எப்படிப் போடறதுங்கறதை இலவச வீடியோவிலேயே பத்துத் தடவை பார்த்துக்கலாம். நாலு வரி கீழே ஒரு கண்ணி விட்டுப்போச்சு, அதை மட்டும் இறக்கி ஏத்தறது எப்படின்னு உங்க கையைப் பார்த்து ஒருத்தர் சொல்லணும். அதுக்குத்தான் பணம். ரெண்டு மணி நேரத்துல அரை மணியாவது இதுக்கு ஒதுக்காத வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரெண்டாவது, நடத்தறவங்க நூலை எந்தக் கையில பிடிக்கறாங்க? நீங்க வலது கையில நூலைச் சுத்தறவங்களா இருந்து, அவங்க இடது கையில பிடிக்கற கான்டினென்டல் முறைக்காரரா இருந்தா, பிரியோஷ்ல யார்ன் ஓவர் (ஊசிமேல நூலை ஒரு சுத்து போடறது) போடற அசைவு ரெண்டு கைக்கும் வேற மாதிரித் தெரியும். ரெண்டு முறையிலும் காட்டுவாங்களான்னு கேளுங்க. கேமரா மேலேருந்து கீழே பார்த்து இருக்கணும், முகத்துக்கு நேரா இல்லை. எதிர்ப்பக்கத்துலேருந்து பார்த்தா இடம் வலம் மாறிடும்.

மூணாவது, முன்கூட்டியே பின்னி வெச்சுக்க வேண்டிய வீட்டுப்பாடம் உண்டா? "20 கண்ணி ஏத்தி 6 வரி கார்ட்டர் முடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்ற வகுப்பு நேரத்தை மதிக்கற வகுப்பு.

ஊசிமுனை

ஒரு எச்சரிக்கை. ஊசியை எண்ணை வெச்சு வாங்காதீங்க, மில்லிமீட்டரை வெச்சு வாங்குங்க. நம்ம ஊர்க் கடைகள்ல இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்தான் ஓடுது. அதுல 8ஆம் நம்பர்னா 4 மி.மீ. அமெரிக்க எண்ல 8னா 5 மி.மீ. பிரிட்டிஷ்ல எண் கூடக்கூட ஊசி மெலிசாகும், அமெரிக்கால தடிக்கும். வகுப்புக்கான பொருள் பட்டியல் அமெரிக்க எண்ல வந்து நீங்க அதே எண்ணைக் கடையில கேட்டா, முழு மில்லிமீட்டர் பிசகும்.

பேர்கள்லயும் இதே சிக்கல். நிட், பர்ல் மாறி மாறி வர்ற பின்னல் ஒண்ணு இருக்கு; பிரிட்டிஷ்காரங்க மாஸ் ஸ்டிச்னு சொல்றதை அமெரிக்காவுல சீட் ஸ்டிச்னு சொல்றாங்க. அமெரிக்க மாஸ் ஸ்டிச் ரெண்டு வரி உயரத்துக்கு ஒரு தடவை மாறும், அது வேற துணி. கடையில 4 பிளைன்னு கேட்டா கிடைக்கறது கிட்டத்தட்ட ஃபிங்கரிங்.

சிட்டம்

நூலைப் பத்தி. அடர் பச்சையில நப் போடாதீங்க. புடைப்பு கண்ணுக்குத் தெரியறது நிழலால. அடர் நிறத்துல நிழல் விழறது தெரியாது, உழைப்பு வீண். வெளிர் சாம்பல்ல நப், பச்சையை மொசைக்லயும் பிரியோஷ்லயும் பின்புலமா வைங்க.

சிட்டத்தோட லேபிள்ல எத்தனை இழைன்னும் பாருங்க. மூணு நாலு இழை சேர்த்து நல்லா முறுக்கின நூல்ல நப் உருண்டையா நிக்கும். ஒத்தை இழை நூல்ல அமுங்கும், சீக்கிரம் பிசிறு உருளும்.

மணிக்கண்ணி

நப் பத்தி விரிவா எழுதறேன். வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கிட்டா கேள்வி கேட்கறதுக்கு வசதி.

நப் எஸ்டோனியாவுல ஹாப்சலுங்கற கடலோர ஊர் லேஸ் ஷால்களோட அடையாளம். அங்கே 1825ல சேற்றுக் குளியல் சிகிச்சை தொடங்கி, வெளியூர்க்காரங்க வந்து தங்கற இடமாச்சு. அவங்களுக்கு விற்கறதுக்காகவே ஷால் பின்னல் அங்கே வளர்ந்தது. பேர்போன வடிவம் லில்லி ஆஃப் த வேலி, அந்தப் பூவோட மணிகள்தான் நப். நடுத் துணியையும் சுத்து ஓரத்தையும் தனித்தனியாப் பின்னி, பிறகு தைச்சுச் சேர்ப்பாங்க.

உங்களுக்கு இதுல முக்கியமானது நூல் தடிமன். அங்கே புழங்கற நூல் 28/2 எண், அதாவது 100 கிராமுக்கு 1400 மீட்டர். உங்களோடது 400. அதனால அந்த வடிவங்கள்ல வர்ற 7 சுழல் நப்பை உங்க நூல்ல போட்டா கொண்டைக்கடலை மாதிரி உருண்டு துணியை இழுக்கும். 5 சுழல் போதும்.

செய்முறை: முன்பக்க வரியில, நப் வர வேண்டிய கண்ணிக்குள்ள ஊசியை விட்டு ஒரு நிட் எடுங்க, ஆனா பழைய கண்ணியை இடது ஊசியிலேருந்து இறக்காதீங்க. ஒரு யார்ன் ஓவர். மறுபடி அதே கண்ணிக்குள்ள நிட். யார்ன் ஓவர். மறுபடி நிட். இப்போ வலது ஊசில 5 சுழல். பழைய கண்ணியை இறக்கிடுங்க. பின்பக்க வரியில அந்த அஞ்சையும் சேர்த்து ஒரே பர்ல்.

கார்ட்டர் தரைங்கறதால ஒரு விஷயம். பின்பக்க வரியில மத்த எல்லாம் நிட், நப் மட்டும் பர்ல். பழக்கத்துல அஞ்சையும் சேர்த்து நிட் போட்டுட்டீங்கன்னா முன்பக்கம் நப்போட தலைமேல ஒரு கோடு விழும், மணி ரெண்டா வெட்டின மாதிரி இருக்கும். பர்ல் போட்டா சுத்தமான ஒரு வி வடிவம் வந்து மூடும்.

இடம்: கூட்டல் வர்ற யார்ன் ஓவர் ஓட்டைக்குப் பக்கத்துல நப் வைக்காதீங்க, ரெண்டு கண்ணியாவது தள்ளி வைங்க. ஓட்டை ஒரு பக்கமா இழுபடும். 6 கண்ணிக்கு ஒண்ணு, 8 வரிக்கு ஒரு தடவை, அடுத்த தடவை 3 கண்ணி தள்ளி. இந்த அடர்த்தி ஃபிங்கரிங்குக்குச் சரியா இருக்கும்.

வெண்ணூல்

நன்றி மணிக்கண்ணி அக்கா. 5 மி.மீ. ஊசில முயற்சி பண்ணிப் பார்த்தேன். அஞ்சு சுழலும் வந்துடுது. பின்பக்கம் திரும்பினதும் அஞ்சுக்குள்ளயும் ஊசி நுழைய மாட்டேங்குது. நுழைஞ்சாலும் ஒண்ணு ரெண்டு வெளியே நின்னுடுது.

மணிக்கண்ணி

முதல் வரியில சுழல்கள் இறுக்கமா இருக்கறதுதான் காரணம். ஊசி தண்டோட ஒட்டி நூலை இழுத்துட்டே போனா சுழலோட சுற்றளவு ஊசித் தண்டு அளவுதான் இருக்கும். அஞ்சையும் ஒண்ணாக் கூட்டிப் பிடிக்கும்போது ஊசி நுழைய இடமே இருக்காது.

முதல் நிட்டை எடுத்ததும் வலது ஊசியை மேல் நோக்கித் தூக்கி, சுழலை ஒரு செ.மீ. உயரத்துக்கு நீட்டுங்க. ஒவ்வொரு நிட்டுக்கும் இப்படி நீட்டணும். யார்ன் ஓவரையும் தொளதொளன்னு விடுங்க. பார்க்க அசிங்கமா, சுருக்கு அவிழ்ந்த மாதிரி இருக்கும். பரவாயில்லை. நப்பை முடிச்சுட்டு அடுத்த கண்ணியை மட்டும் வழக்கமான இறுக்கத்துல பின்னுங்க, அது நப்போட அடியைப் பூட்டிடும்.

பின்பக்கம் வந்ததும் ஊசியை நுழைக்கறதுக்கு முன்னாடி, இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெச்சு நப்போட அடியைப் பிடிச்சுக் கீழே ஒரு இழு இழுங்க. அஞ்சு சுழலும் ஒரே உயரத்துக்கு வரிசையா நிக்கும். அப்புறம் ஊசி முனையை வலதுலேருந்து இடதுக்கு எல்லாத்துக்குள்ளயும் விட்டுட்டு, நூலைச் சுத்தறதுக்கு முன்னாடி எண்ணுங்க. அஞ்சு இருக்கணும். லேஸ் ஊசின்னு விற்கற கூர்முனை ஊசி இதுக்கு ரொம்ப உதவும்.

ஒரு சுழல் வெளியே நின்னுபோனது நாலு வரி தாண்டித்தான் தெரிஞ்சா, பிரிக்க வேண்டாம். அந்த நப்புக்கு நேர் மேல இருக்கற ஒரே கண்ணியை மட்டும் ஊசியிலேருந்து இறக்கி, நப் வரைக்கும் ஓட விடுங்க. 2 மி.மீ. குரோஷா ஊசில அஞ்சு சுழலையும் கோத்து, முதல் ஏணிப் படியை (கண்ணி ஓடின இடத்துல குறுக்கே நிக்கற நூல்) அஞ்சு வழியாவும் இழுத்து, மேல ஏத்திக்கிட்டு வாங்க. கார்ட்டர்ல ஒரு படி முன்பக்கம், அடுத்தது பின்பக்கம்னு மாத்தி மாத்தி எடுக்கணும்கறதை மறந்துடாதீங்க.

இருநிறம்

குரோஷா ஊசியாலேயே நப்பை ஒரே வரியில முடிச்சுடலாமே? 5 சுழலை ஊசியில இழுத்து, நூலைச் சுத்தி எல்லாத்து வழியாவும் ஒரே இழுப்பு, வலது ஊசிக்கு மாத்திட்டா வேலை முடிஞ்சது. பின்பக்கம் அஞ்சைக் கோக்கற சிரமமே இல்லை. இந்த ஷால்ல நப் நூத்துக்கணக்குல வரும், மணிக்கட்டு தாங்கணும்.

மணிக்கண்ணி

செய்யலாம். ஒரு வித்தியாசத்தைத் தெரிஞ்சுக்கிட்டுச் செய்யணும். ரெண்டு வரி நப்ல சுழல்கள் ரெண்டு வரி உயரத்துக்கு நீண்டு விசிறி மாதிரி விரியும், துணியோட படியும். ஒரே வரி குரோஷா நப் குட்டையா, உருண்டையா, கொஞ்சம் பொபிள் (பெரிய உருண்டைப் புடைப்பு) பக்கம் சாயும். ஒரே ஷால்ல ரெண்டையும் கலந்தா நிச்சயம் தெரியும். முதல் மாதிரித் துண்டுல ரெண்டையும் மூணு மூணு போட்டு, நனைச்சுக் காய வெச்சு, பிடிச்சதைத் தேர்ந்தெடுத்து அதுலயே நில்லுங்க.

இருநிறம்

ஒத்துக்கறேன். மொசைக் பக்கம் நான் வர்றேன்.

மொசைக்ங்கற பேரையும் அதோட வரைபடக் கட்டத்தைப் படிக்கற முறையையும் கொடுத்தவங்க பின்னல் புத்தகங்கள் எழுதின பார்பரா வாக்கர். கட்டத்துல ஒரு வரி இருந்தா பின்னறது ரெண்டு வரி: முன்பக்கம் ஒண்ணு, அதே கண்ணிகளை அப்படியே திருப்பி பின்பக்கம் ஒண்ணு. ஒரு நேரத்துல கையில ஒரே நிறம்தான். வரி சாம்பலுக்கு உரியதுன்னா சாம்பல் கட்டங்களை நிட் பண்ணுங்க, பச்சைக் கட்டங்களை நகர்த்துங்க. பின்பக்கம் கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம். ஊசில இருக்கற சாம்பல் கண்ணியைச் சாம்பலால பின்னி, பச்சையை நகர்த்திக்கிட்டே போங்க.

நகர்த்தும்போது எப்பவும் பர்ல் போடப் போற மாதிரி ஊசியை விட்டு நகர்த்தணும். நிட் மாதிரி விட்டா கண்ணி முறுக்கிக்கும், அடுத்த வரியில கால் குறுக்கே நிக்கும். நூல் எப்பவும் துணியோட பின்பக்கமே இருக்கணும். அதாவது முன்பக்க வரியில உங்களுக்கு அந்தாண்டை, பின்பக்க வரியில உங்களைப் பார்த்து இந்தாண்டை. கார்ட்டர் மொசைக்ல எல்லாரும் சறுக்கற இடம் பின்பக்க வரிதான்: நிட், நூலை முன்னாடி கொண்டு வா, நகர்த்து, நூலைப் பின்னாடி கொண்டு போ, நிட். இந்த முன்னும் பின்னும் விட்டுப்போனா முன்பக்கம் ஒரு பச்சைக் கண்ணி மேல சாம்பல் கோடு படுத்திருக்கும்.

துணி சுருங்கி அலையலையா வந்தா நகர்த்தின கண்ணிக்குப் பின்னாடி போற நூல் குட்டையாயிடுச்சுன்னு அர்த்தம். நகர்த்தினதும் வலது ஊசில இருக்கற கடைசி நாலஞ்சு கண்ணிகளை விரலால பரப்பி விட்டுட்டு, பிறகு அடுத்த நிட் போடுங்க. நூலைத் தளர்த்தி விடறதைவிட கண்ணியைப் பரப்பறதுதான் சரி. தளர்த்தினா சில இடத்துல அதிகமாத் தளர்ந்து தொங்கும்.

முக்கோண ஷால்ல இன்னொண்ணு. ஒவ்வொரு முன்பக்க வரியிலும் சிறகுக்கு (நடு முதுகுக்கு ரெண்டு பக்கமும் விரியற பாதி) ரெண்டு கண்ணி ஏறும். வடிவம் 4 கண்ணி சுழற்சின்னா, ரெண்டு முன்பக்க வரி முடிஞ்சாத்தான் ஒரு முழுச் சுழற்சிக்கு இடம் வரும். அதுவரைக்கும் ஓரத்துல வர்ற புதுக் கண்ணிகளை வெறும் நிட்டாவே வெச்சிருங்க. அரைகுறை வடிவத்தை அதுக்குள்ள திணிச்சா கூட்டல் கோடு கோணலாத் தெரியும்.

நிறம் மாத்தற ஓரத்துல ரெண்டு நூலையும் ஒரு தடவை ஒண்ணுமேல ஒண்ணு போட்டு எடுங்க, இழுக்காதீங்க. அந்த ஓரம்தான் ஷாலோட மேல் விளிம்பு. இழுத்தா தோள்ல வில்லா வளையும்.

கண்ணிக்கணக்கு

எண்ணிக்கையைச் சொல்லிடறேன், பிரியோஷுக்குப் போகும்போது இது தேவைப்படும்.

கார்ட்டர் டேப் (ஷாலைத் தொடங்கற சின்னப் பட்டை): 3 கண்ணி ஏத்தி 6 வரி நிட். ஓரத்துல 3 மேடு தெரியும், அதுலேருந்து 3 கண்ணி எடுங்க. ஏத்தின விளிம்புலேருந்து 3. மொத்தம் 9. இதைப் பிரிச்சுக்கங்க: ஓரம் 3, சிறகு 1, நடு முதுகு 1, சிறகு 1, ஓரம் 3. முன்பக்க வரியில ஓரத்துக்கு உள்ளே ஒரு யார்ன் ஓவர், முதுகுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மறு ஓரத்துக்கு முன்னாடி ஒண்ணு. வரிக்கு 4 கூடும். 50 முன்பக்க வரி முடிஞ்சா 9 + 200 = 209. சிறகு ஒவ்வொண்ணும் 101. ஒவ்வொரு முன்பக்க வரி முடிவிலும் இந்தக் கணக்கோட ஒத்துப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சா ஏதோ ஒரு யார்ன் ஓவர் விட்டிருக்கீங்க, அந்த வரியிலேயே கண்டுபிடிச்சிடலாம்.

சிறகு எப்பவும் ஒத்தைப்படை எண்ணாவே வரும். பிரியோஷுக்கும் அதுதான் வேணும், ரெண்டு முனையிலும் ஒரே நிறத் தூண் நிக்கறதுக்கு.

இருநிறம்

பிரியோஷ் ஏன் கடைசின்னு நானும் சொல்றேன். மத்ததுல தப்பு வந்தா பார்த்தவுடனே தெரியும். இதுல ஒரு கண்ணிக்கு ரெண்டு இழை, அதுல எது கண்ணி எது யார்ன் ஓவர்னு கண் பழகவே நாளாகும்.

அடிப்படை இது. ஒரு தூண் சாம்பல், அடுத்த தூண் பச்சை. சாம்பல் நூலால போகும்போது சாம்பல் கண்ணியையும் அதுமேல படுத்திருக்கற யார்ன் ஓவரையும் சேர்த்து நிட், பச்சைக் கண்ணியை நகர்த்தி அதுமேல யார்ன் ஓவர். வரி முடிஞ்சதும் திருப்பாதீங்க. கண்ணிகளைச் சர்க்குலர் ஊசியோட மறு முனைக்குத் தள்ளி, அதே முன்பக்கத்துல பச்சை நூலால மறுபடி போங்க. இந்தத் தடவை பச்சைக் கண்ணியையும் அதோட யார்ன் ஓவரையும் சேர்த்துப் பர்ல், சாம்பலை நகர்த்தி யார்ன் ஓவர். இப்போ திருப்புங்க. பின்பக்கம் சாம்பல் தூண் பர்ல், பச்சைத் தூண் நிட். அங்கேயும் ரெண்டு நடை.

தள்ளணுமா திருப்பணுமான்னு குழம்பினா நூல்களைப் பாருங்க. ரெண்டு நூலும் ஒரே முனையில தொங்கினா திருப்பணும். ஒண்ணு இந்த முனை, ஒண்ணு அந்த முனைன்னா தள்ளணும். டெலிபோன் வந்து எழுந்து போனாலும் இதைப் பார்த்துத் திரும்ப ஆரம்பிச்சுடலாம்.

கட்டத்துல பிஆர்கே, பிஆர்பி, எஸ்எல்1ஒய்ஓ மாதிரி குறிகள் வரும். முதல் ரெண்டும் யார்ன் ஓவரோட சேர்த்து நிட், சேர்த்துப் பர்ல். மூணாவது நகர்த்தி யார்ன் ஓவர். இந்தக் குறிகளை ஒழுங்குபடுத்தினவங்க பிரியோஷ் பத்திப் புத்தகங்கள் எழுதின நான்சி மார்ச்சண்ட். பழைய வடிவங்கள்ல இதே வேலைக்கு வேற வேற பேர் இருக்கும்.

கூட்டலை வகுப்புல கண்டிப்பாக் கேளுங்க. பிரியோஷ்ல ஒண்ணு கூட்ட முடியாது, ரெண்டாத்தான் கூட்டணும், இல்லாட்டி நிறம் மாறி நிக்கும். ஒரு சாம்பல் தூண்ல சேர்த்து நிட், இறக்காம யார்ன் ஓவர், மறுபடி சேர்த்து நிட். ஒண்ணு மூணாகும். அடுத்த பச்சை நடையில இந்த மூணு கண்ணிக்கும் மேல யார்ன் ஓவர் கிடையாது. அதனால நகர்த்தி யார்ன் ஓவர், வெறும் பர்ல், நகர்த்தி யார்ன் ஓவர். எல்லாரும் நடுவுல இருக்கறதைப் பக்கத்துக் கண்ணியோட சேர்த்துப் பர்ல் போட்டுடறாங்க. அங்கேதான் எண்ணிக்கை கெடும். கார்ட்டர்ல முன்பக்க வரிக்கு 4 ஏறினதுக்குப் பதிலா இங்கே ஒண்ணு விட்டு ஒரு முன்பக்க வரியில 8 ஏத்துங்க, சராசரி ஒண்ணுதான்.

தப்பு திருத்தறது:

யார்ன் ஓவர் விட்டுப்போச்சுன்னா நூல் அந்தக் கண்ணிக்குக் குறுக்கே வெறும் கோடா ஓடியிருக்கும். அந்தக் கோட்டை ஊசி முனையால தூக்கிக் கண்ணிமேல போட்டுடுங்க. அதுவே யார்ன் ஓவர்.

கண்ணி கீழே ஓடிட்டா பயப்பட வேண்டாம், நிறமே வழி காட்டும். சாம்பல் தூணை ஏத்தும்போது: குரோஷா ஊசில கண்ணி இருக்கு. அடுத்த பச்சைப் படியை அதோட சேர்த்து ஊசிமேல சும்மா படுக்க வைங்க. அதுக்கு அடுத்த சாம்பல் படியை ரெண்டு வழியாவும் இழுங்க. மறுபடி பச்சை படுக்கும், சாம்பல் இழுபடும். ஒரே நிற பிரியோஷ்ல இந்த உதவி கிடையாது. அதனாலதான் ரெண்டு நிறத்துல கத்துக்கறது சுலபம்னு சொல்றேன்.

லைஃப்லைன் (பிரிக்க நேர்ந்தா அந்த வரியோட நிக்கறதுக்காகக் கண்ணிகளுக்குள்ள கோத்து வைக்கற தனி நூல்) 8 வரிக்கு ஒண்ணு போடுங்க. கண்ணியோட அதன் யார்ன் ஓவரையும் சேர்த்துக் கோக்கணும். மெலிசான பருத்தி நூல் நல்லது, கம்பளி நூல் போட்டா ஒட்டிக்கும். எந்த நடைக்கு அப்புறம் போட்டீங்கன்னு ஒரு சீட்டுல எழுதி வைங்க.

வெண்ணூல்

மாதிரித் துண்டு எடுத்தேன். கார்ட்டர் 10 செ.மீ.க்கு 22 கண்ணி. பிரியோஷ் அதே ஊசில 18தான் வருது. 209 கண்ணியோட அப்படியே பிரியோஷுக்குப் போனா என்ன ஆகும்? நடுவுல வர்ற மொசைக்கைக் கணக்குக்காக விட்டுடறேன், அதுவும் 22தான் வந்தது.

கண்ணிக்கணக்கு

அந்த இடத்துலேருந்து துணி பாவாடை மாதிரி விரியும். அந்த விரிப்பு வேணும்னா அப்படியே விடலாம். தட்டையா வேணும்னா ரெண்டு வழி.

ஊசியை 3.5 மி.மீ.க்கு இறக்குங்க. பிரியோஷ் இயல்பாவே தளர்ந்த துணி, ஊசி மெலிஞ்சா அதுக்கு நல்லதுதான். மறுபடி மாதிரி எடுத்து 20, 21 வந்தா எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம்.

இறங்கலேன்னா கணக்குப் போட்டுக் குறைக்கணும். சிறகு 101. 101 x 18 / 22 = 82.6. ஒத்தைப்படையா வரணும், ஆக 83. சிறகுக்கு 18 கண்ணி குறைக்கணும். கடைசி மொசைக் வரிக்கு அப்புறம் ஒரு வெறும் நிட் வரியில: 5 நிட், பிறகு "3 நிட், 2 சேர்த்து ஒண்ணு" 18 தடவை, கடைசியா 6 நிட். 5 + 90 + 6 = 101. மிஞ்சறது 83. அடுத்த சிறகுல 5ஐயும் 6ஐயும் இடம் மாத்திக்கங்க, முதுகுக்கு ரெண்டு பக்கமும் சமமா நிக்கும். ஓரம் 3, முதுகு 1, ஓரம் 3 இதுல கை வைக்க வேண்டாம்.

கூனூர்_குளிர்

நூல் போதுமாங்கறதையும் யாராவது சொல்லுங்க. பச்சை ஒரே சிட்டம்தான் இருக்கு.

சிட்டம்

முக்கோணத்துல நூல் செலவு வரியோட சேர்ந்து ஏறும். 100 வரி ஷால்னா பாதி நூல் தீர்றது 50ஆவது வரியில இல்லை, 71ஆவது வரி வாக்குல. பரப்பு நீளத்தோட வர்க்கத்துல வளர்றதுதான் காரணம். கடைசி 29 வரி மீதிப் பாதியைச் சாப்பிடும். அதுலயும் பிரியோஷ், கண்ணுக்குத் தெரியற ஒரு வரிக்கு ரெண்டு நிறமும் முழு அகலத்துக்குப் போகும்.

0.1 கிராம் வரைக்கும் காட்டற சின்னத் தராசு வாங்கி வைங்க. ஒரு வரிக்கு முன்னாடி சிட்டத்தை நிறுங்க, முடிஞ்சதும் நிறுங்க. வித்தியாசம்தான் ஒரு வரிச் செலவு. 3 கண்ணி ஐ-கார்டு முடிப்புல ஒவ்வொரு கண்ணியை மூடறதுக்கும் 3 கண்ணி பின்னறீங்க, அதாவது கிட்டத்தட்ட மூணு வரி நூல். நாலு வரி நூலை ஒதுக்கி வெச்சுட்டு நிறுத்துங்க. முடிப்பைச் சாம்பல்ல வைங்க, பச்சை மிச்சம் பிடிக்கும்.

கூனூர்_குளிர்

இன்னொரு கேள்வி. சென்னையில இருக்கற சொந்தக்காரங்களுக்கு இதே ஷாலைப் பருத்தி நூல்ல பின்னலாமா?

சிட்டம்

நப்பும் பிரியோஷும் பருத்தியில வேண்டாம். பருத்திக்கு நீண்டு சுருங்கற குணம் கிடையாது. தளர்த்தி விட்ட நப் சுழல் தளர்ந்தே நிக்கும், பிரியோஷ் தன் கனத்துலேயே கீழே இறங்கும். மொசைக், சீட் ஸ்டிச் ரெண்டும் பருத்தியில அருமையா நிக்கும். முழு ஷாலையும் அந்த ரெண்டுல திட்டமிடுங்க.

வெண்ணூல்

மொசைக் வகுப்புக்குப் பதிவு பண்ணிட்டேன். நப் மூணு வாரம் கழிச்சு, பிரியோஷ் அடுத்த மாசம். பிரியோஷ் நடத்தறவங்க கடைசி 40 நிமிஷம் கண்ணி இறக்கி ஏத்தறதுக்கே ஒதுக்கறாங்களாம், ரெண்டு கைப் பழக்கத்துக்கும் காட்டுவாங்களாம்.

ரெண்டு விஷயம் பாக்கி. ஐ-கார்டு ஓரம் இறுகி ஷால் நுனி சுருண்டுக்கும்னு படிச்சேன். பிளாக்கிங்லயும் (நனைச்சு, வடிவத்துக்கு ஊசி குத்திக் காய வைக்கறது) சந்தேகம்: நப்பை இழுத்துக் குத்தலாமா?

மணிக்கண்ணி

ஐ-கார்டு: இடது ஊசில 3 கண்ணி புதுசா ஏத்துங்க. 2 நிட், மூணாவதையும் ஷாலோட முதல் கண்ணியையும் பின்கால் வழியாச் சேர்த்து ஒரு நிட். 3 கண்ணியையும் இடது ஊசிக்குத் திருப்பி மாத்துங்க. இதேதான் கடைசி வரை. பிரியோஷ் கண்ணிமேல யார்ன் ஓவர் இருந்தா அதையும் சேர்த்து எடுங்க, இல்லாட்டி பின்னாடி தொங்கும். இறுகாம இருக்க இதுக்கு மட்டும் வலது ஊசி 4.5 அல்லது 5 மி.மீ. வைங்க. முதுகு முனைக்கு வரும்போது, ஷால் கண்ணி எதையும் எடுக்காம வெறும் 3 நிட் ஒரு தடவை, முதுகுக் கண்ணியை மூடினப்புறம் இன்னொரு தடவை. அந்த ரெண்டு சுத்துதான் முனை கூர்மையாத் திரும்ப இடம் கொடுக்கும். 20 செ.மீ. முடிச்சதும் ஓரத்தைக் கையால இழுத்துப் பாருங்க. துணியளவுக்கு ஓரம் நீளலேன்னா அங்கேயே பிரிச்சு ஊசியை இன்னும் அரை மி.மீ. கூட்டுங்க.

பிளாக்கிங்: வெதுவெதுப்பான தண்ணீர்ல 20 நிமிஷம் ஊற விட்டு, பிழியாம துண்டுல சுருட்டி அமுக்குங்க. சூப்பர்வாஷ் (மெஷின்ல துவைக்கற மாதிரி பதப்படுத்தின) மெரினோவா இருந்தா நனைஞ்சதும் நல்லா நீளும், தூக்கிப் பிடிக்காம ரெண்டு கையிலும் ஏந்தி எடுங்க. மேல் விளிம்புக்குக் கம்பி கோத்து நேராக்கிட்டு, ஓரங்களைக் குத்துங்க. லேஸ் மாதிரி விறைப்பா இழுக்காதீங்க. இழுத்தா நப் தட்டையாகும், பிரியோஷ் மடிப்புகள் விரிஞ்சு சாதாரண ரிப் மாதிரி ஆயிடும். நப்பை ஈரமா இருக்கும்போதே பின்பக்கத்துலேருந்து சுண்டுவிரலால ஒவ்வொண்ணா முன்பக்கம் தள்ளி விடுங்க. முழுசாக் காய்ஞ்சப்புறம்தான் ஊசிகளை எடுக்கணும். நீலகிரி மழைக்காலத்துல ரெண்டு நாள் ஆகும்.